ஒரு பாட்டில், பதினைந்து பேர்

வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்
கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா, மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: தொநூ 14:18-20, 1 கொரி 11:23-26, லூக் 9:11-17



இன்றைய மூன்று வாசகங்களிலும் யாரோ ஒருவர் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார். போர் முடிந்து திரும்பும் ஆபிராமுக்குச் சாலேம் அரசர் மெல்கிசெதேக்கு அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவருகிறார். ஆண்டவர் தம் கடைசி இரவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் சீடர்களின் கையில் தந்ததைத் திருத்தூதர் பவுல் நினைவூட்டுகிறார். பெத்சாய்தாவில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போய்ச் சேருகின்றன. அப்பத்தைப் பற்றி இந்தப் பெருவிழாவில் ஆண்டுதோறும் பேசிவிடுகிறோம். கிண்ணத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. குடியால் சீரழிந்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் திராட்சை இரசத்தைப் பற்றிப் பேசக் குருக்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தயக்கம் நியாயமானதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அங்கே தாம் சேர்ந்திருக்கும் ஒரு நண்பர் குழுவைப் பற்றிச் சொன்னார். பழைய போர்ட் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் குழு அது. போர்ட் என்பது போர்த்துக்கல் நாட்டில் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையிலிருந்து செய்வது. சாறு நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் இனிப்பு முழுவதும் தீர்ந்துபோவதற்கு முன்னால், திராட்சையிலிருந்தே காய்ச்சி வடித்த சாராயத்தை அதில் சேர்த்துவிடுவார்கள். புளிப்பது அதோடு நின்றுவிடும். இனிப்பும் தங்கும், வீரியமும் ஏறும். ஆல்கஹால் ஏறத்தாழ 20 விழுக்காடு இருக்கும்.

இதிலே விண்டேஜ் போர்ட் என்று ஒன்று. திராட்சை மிகச் சிறப்பாக விளைந்த ஆண்டில் மட்டும் அதை எடுத்து வைப்பார்கள். பத்து ஆண்டில் மூன்று முறை அப்படி அமைந்தால் உண்டு. மரப் பீப்பாயில் அது இருப்பது இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். மீதிக் காலமெல்லாம் பாட்டிலுக்குள்தான் முதிர்கிறது. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு, சில சமயம் ஐம்பது அறுபது ஆண்டு. 1963-ஆம் ஆண்டு அப்படிப் பேர் பெற்ற ஓர் ஆண்டு. அப்போது பாட்டிலில் அடைத்ததை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாத்தா வாங்கி வைத்ததைப் பேரன் திறப்பது அங்கே வழக்கந்தானாம்.

நம் இளைஞர் சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இவ்வளவு காலம் காத்திருக்கும் இந்த மது, தக்கையைத் திறந்துவிட்டால் காத்திருக்காது. காற்று பட்டதும் அதன் மணமும் சுவையும் இறங்கத் தொடங்கிவிடும். ஓரிரு நாளுக்குள் குடித்தாக வேண்டும். ஐம்பது ஆண்டு பூட்டி வைத்தவர், திறந்தபின் அலமாரியில் வைத்து மாதக் கணக்கில் தனியாகச் சுவைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் திறக்கும்போதே ஆள் சேர்க்கிறார்கள். ஒரு பாட்டிலில் 750 மில்லி. பதினைந்து பேர் கூடினால் ஆளுக்கு 50 மில்லி. நம் வீட்டுக் காப்பி டம்ளரில் பாதிக்கும் கீழே. வர முடியாத நண்பருக்குச் சின்ன மருந்துப் புட்டி போன்ற ஒன்றில், காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தனுப்புகிறார்கள்.

பழைய போர்ட்டில் அடியில் வண்டல் படிந்திருக்கும். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வண்டல் இறங்கியபின் மெல்லிய துணியில் மெதுவாக வடிக்க வேண்டும். எவ்வளவு கவனமாக வடித்தாலும் கடைசியில் கொஞ்சம் கலங்கல் நிற்கும். அவர்கள் குழுவில் அந்தக் கலங்கல் பாட்டிலைக் கொண்டுவந்தவருடைய பங்காம். மற்ற எல்லாருக்கும் ஊற்றிவிட்டு அவர் கடைசியாக எடுத்துக்கொள்கிறார். “ஃபாதர், என் சம்பளத்துக்கு அப்படி ஒரு பாட்டிலை நான் ஒருநாளும் வாங்க முடியாது. யாராவது திறந்தால்தான் எனக்கு உண்டு. நான் கொண்டுபோவது சாதாரணப் பாட்டில். ஆனால் எனக்கும் அதே 50 மில்லிதான் ஊற்றுகிறார்கள்” என்றார் அவர்.

இங்கிலாந்தில் போர்ட்டைப் பற்றி இன்னொரு வழக்கமும் உண்டு. விருந்து முடிந்ததும் போர்ட் குடுவையை மேசையைச் சுற்றி இடப்பக்கமாகவே கைமாற்றி அனுப்புவார்கள். யாரும் தனக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது. யாராவது பேச்சு மும்முரத்தில் நிறுத்திவிட்டால், “குடுவையைத் தள்ளுங்கள்” என்று கேட்பது நாகரிகமில்லை. அதனால், “உங்களுக்கு நார்விச் ஆயரைத் தெரியுமா?” என்று கேட்பார்களாம். புரிந்தவர் உடனே குடுவையை அனுப்பிவிடுவார். “தெரியாதே, யார் அவர்?” என்று புரியாமல் கேட்டால், “நல்ல மனிதர், ஆனால் போர்ட்டை அடுத்தவருக்கு அனுப்ப மறந்துவிடுவார்” என்று பதில் வரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆயராக இருந்த ஹென்றி பாதர்ஸ்ட் முதுமையில் மேசையிலேயே கண்ணயர்ந்துவிடுவார், குடுவை அவரிடமே தங்கிவிடும், அதிலிருந்து வந்த பேச்சு இது என்பார்கள். ஆங்கிலிக்கன் ஆயர்தான், நம்மவர் இல்லை என்று நாம் நிம்மதிப்பட வேண்டியதில்லை. தன் கைக்கு வந்ததை அடுத்தவருக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது எல்லாத் திருஅவைகளிலும் உள்ள பழக்கம்தான்.

இவ்வளவு தூரத்துச் சரக்குக்கும் நம் திருச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு சின்னத் தொடர்பு உண்டு. டூரோ பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்து, இந்த எல்லைக்குள் விளைந்தால்தான் போர்ட் என்று 1756-இல் சட்டம் செய்தவர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்ட போர்த்துக்கல் அமைச்சர். மூன்றே ஆண்டு கழித்து, 1759-இல், அதே மனிதர்தான் இயேசு சபையினரைப் போர்த்துக்கல் ஆட்சிக்குட்பட்ட நிலங்களிலிருந்து வெளியேற்றினார். தத்துவ போதகர் என்ற ராபர்ட் டி நொபிலியும் புனித அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த மதுரை மறைப்பணித் தளத்துக்கு ஆளும் பொருளும் வந்துகொண்டிருந்த வழி அத்தோடு அடைபட்டது. 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. இயேசு சபையினர் மறுபடி இங்கே வந்தது 1838-இல். நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி திருச்சிக்கு வந்தது 1883-இல். ஒரு நாட்டின் திராட்சைத் தோட்டத்துக்கு வேலி போட்ட கை, காவிரிக் கரையில் இருந்த ஏழைக் கிறிஸ்தவர்களையும் பல ஆண்டு மேய்ப்பர் இல்லாமல் வைத்தது. வரலாறு இப்படியும் முடிச்சுப் போடும்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம்.

“சாமி, நீங்க பூசையில குடிக்கிறது போர்ட்டா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. இல்லை. பலிபீடத்துக்கு வரும் இரசம் திராட்சையிலிருந்து மட்டும் எடுத்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்பது திருஅவைச் சட்டம். இனிப்பான இரசம் கெடாமல் இருக்கத் திராட்சைச் சாராயம் சேர்க்கலாமா என்ற கேள்வி 1896-இல் உரோமைக்குப் போனபோது, சேர்க்கலாம், ஆனால் மொத்தம் 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பதில் வந்தது. அந்தக் கணக்கில் போர்ட் பீடத்துக்கு வெளியேதான் நிற்கும். நம் நாட்டில் பலி இரசம் அரசு உரிமத்தோடு செய்யப்படுகிறது. நம் காந்தி மார்க்கெட்டில் குவித்து வைத்திருக்கும் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குரு என்பார்கள். அடுத்த முறை கிலோக் கணக்கில் வாங்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாம் வாசகம். இன்று நாம் வாசித்தது 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் 23-ஆம் வசனத்திலிருந்து. ஆண்டவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுத்த நிகழ்ச்சி. பீடத்தில் நின்று கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பவுல் அதை ஏன் எழுதினார் என்பது 17 முதல் 22 வரையுள்ள வசனங்களில் இருக்கிறது. அந்தப் பகுதி இன்றைய வாசகத்தில் இல்லை. வீட்டுக்குப் போய்த் திருவிவிலியத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். அங்கே பவுல் கோபமாக இருக்கிறார். கொரிந்து சபையில் ஆண்டவரின் விருந்துக்கு என்று கூடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிற கூலியாளும் அடிமையும் வந்து சேரும்போது மேசை காலி. ஒருவர் பட்டினியாக நிற்கிறார், இன்னொருவர் வெறித்திருக்கிறார். ஒன்றுமில்லாதவர்களை வெட்கப்பட வைக்கிறீர்களே, இதற்கா கூடுகிறீர்கள் என்று பவுல் கேட்கிறார். இதற்குப் பாராட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆண்டவர் அந்த இரவில் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறார். நற்கருணையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இது. அது பாடம் நடத்துவதற்காக எழுதப்படவில்லை. பந்தியில் நடந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்க எழுதப்பட்டது.

கொரிந்தில் இருந்தவர்கள் தனியாகக் கெட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். அக்காலத்து உரோமை விருந்துப் பழக்கமே அப்படித்தான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இளைய பிளினி என்ற உரோமை அதிகாரி ஒரு கடிதத்தில் தாம் போயிருந்த விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர் மதுவைச் சின்னச் சின்னக் குடுவைகளில் மூன்று தரமாகப் பிரித்து வைத்திருந்தாராம். தமக்கும் பெரிய மனிதர்களுக்கும் ஒரு தரம், சாதாரண நண்பர்களுக்கு ஒரு தரம், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒரு தரம். பக்கத்தில் இருந்தவர், “நீர் எப்படிச் செய்வீர்?” என்று கேட்டபோது, தம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மதுதான் என்றார் பிளினி. செலவு அதிகமாகுமே என்றதற்கு, ஆகாது, என் மதுவை அவர்கள் குடிப்பதில்லை, அவர்கள் குடிப்பதை நானும் குடிக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னாராம். பிளினி கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். பந்தி விஷயத்தில் கொரிந்துக் கிறிஸ்தவர்களைவிட அவர் தெளிவாக இருந்தார் என்பதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சின்னக் குடுவைகள் அந்த வீட்டிலும் இருந்தன, நம் இளைஞரின் நண்பர்களிடமும் இருக்கின்றன. அங்கே ஆளைப் பிரிப்பதற்குச் சின்னதாக்கினார்கள். இங்கே எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று சின்னதாக்குகிறார்கள். எசாயா இறைவாக்கினர் 25-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் தம் மலையில் ஒரு விருந்து வைப்பதாகச் சொல்கிறார். அதில் நெடுநாள் வைத்திருந்த, வண்டல் நீக்கி வடித்த திராட்சை இரசம் பரிமாறப்படுகிறது. அடக்கத் திருப்பலியில் அடிக்கடி வாசிக்கும் பகுதி. அதில் பலரும் கவனிக்காத ஒரு சொல், எல்லா மக்களினங்களுக்கும் என்பது. மிக உயர்ந்ததை எடுத்து ஒருவரையும் விடாமல் பரிமாறுகிறார்.

நம் மண்ணுக்கு இது புதிதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் திருவரங்கத்தில் நம் இந்துச் சகோதரர்கள் தீர்த்தம் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையைக் குழித்து நீட்டுகிறார்கள். உத்தரணியால் ஒரு சொட்டு விழுகிறது. இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. கொஞ்சமாகக் கிடைத்தாலும் நிறைவாகக் கிடைத்தது என்று நினைக்க நம் பாட்டிமார்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் கிண்ணம் என்று வந்தபோது நம் வரலாறு அவ்வளவு அழகாக இல்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பெருவிழாவைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பக்கத்து வீட்டுக் கதை. ஆங்கிலிக்கன் ஆயர் ரெஜினால்டு ஹீபர் 1826-இல் நம் திருச்சியில் இறந்தார். தூய யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. சாதி விஷயத்தில் அவர் கொஞ்சம் விட்டுப்பிடித்தவர். அவருக்குப் பின் வந்தவர்களில் டேனியல் வில்சன் என்ற ஆயர் 1833-இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஆலயத்தில் சாதிப்படி தனித்தனியாக உட்காரக் கூடாது, நற்கருணைக்கும் சாதி பார்க்காமல் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சென்னை வேப்பேரி, தஞ்சை, திருச்சி சபைகளில் பெரிய கொந்தளிப்பு. தஞ்சையில் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து நின்றார். பலர் சபையை விட்டுப் போனார்கள். ஒரே கிண்ணம் என்ற இரண்டு சொல்லுக்காக.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. நம்மிடம் சாதி இல்லாததால் அல்ல. நாம் மக்களுக்குக் கிண்ணத்தையே கொடுக்காததால். 1415-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் பொதுநிலையினருக்கு அப்பம் மட்டும் என்று முடிவு செய்தது. அப்பத்தின் வடிவிலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. திரிதெந்து பொதுச்சங்கமும் அதைத்தான் உறுதியாகச் சொன்னது. அது உண்மை. ஆனால் கிண்ணத்தில் வராத பிரிவினை நம்மிடம் வேறு வழியாக வந்தது. ஆலயத்துக்குள் தனி இடம், திருவிழாத் தேருக்குத் தனித் தெரு. மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இறந்தவர்களுக்கு நடுவே சுவர் வைத்தவர்கள் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கியவர்கள்தான். வெளியே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை என்றால் நாம் சட்டம் பேசுகிறோம். பவுல் இன்று நமக்குத் திருமுகம் எழுதினால் எந்த வசனத்திலிருந்து தொடங்குவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பில் ஒரு கதவைத் திறந்தது. சில சூழல்களில், ஆயரின் தீர்ப்புப்படி, பொதுநிலையினருக்கும் இரு வடிவிலும் நற்கருணை வழங்கலாம் என்றது. அந்த 1963 போர்ட் பீப்பாயில் கிடந்த காலம் அது. ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது ஆண்டு மூடி வைத்த கிண்ணம் திறந்தது. இன்று திருமணத் திருப்பலியில் மணமக்களுக்கும், பெரிய வியாழன் போன்ற நாள்களில் பல பங்குகளில் எல்லாருக்கும், அப்பத்தை இரசத்தில் தோய்த்துத் தருகிறோம். எவ்வளவு கிடைக்கிறது? ஒரு துளிகூட இல்லை, ஒரு ஈரம். அந்த ஈரம் மாளிகைக்காரருக்கும் தெருக்கூட்டுகிறவருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து வருகிறது.

இனி நான் பிறகு சொல்கிறேன் என்ற விஷயம்.

“ஃபாதர், நீங்களும்தானே குடிக்கிறீங்க, ஆண்டவரே கானாவுல ரசம் ஆக்கிக் கொடுத்தாரே?” என்று கேட்கிற ஆண்கள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. பெரும்பாலும் மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்பார்கள். கானாவில் ஆறு கல்தொட்டிகள். கணக்குப் போட்டால் நூற்றுக்கணக்கான லிட்டர் வரும். ஓர் ஊரே கூடிய கல்யாணத்துக்கு. அதை முதலில் வாயில் வைத்துப் பார்த்தவர் பந்தி மேற்பார்வையாளர்; சுவை பார்த்தார், மணமகனைக் கூப்பிட்டுப் பாராட்டினார். தொட்டியோடு உட்கார்ந்துவிடவில்லை.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். கடையில் ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால், ஒரே ஆளுக்குள், பெரும்பாலும் கால் மணி நேரத்தில், கடைக்குப் பக்கத்துச் சுவரோரம் நின்றபடி. அந்த இளைஞரின் நண்பர்கள் ஆளுக்கு 50 மில்லி போர்ட் குடித்தால் உள்ளே போவது 10 மில்லி, அதுவும் ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டு. ஏழு பேருக்கும் மேலான பங்கை ஒருவர் தனியாக விழுங்குகிறார். அந்த ஏழு பேர் யார்? மனைவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மருந்துக்குக் காத்திருக்கும் அம்மா. பவுல் கொரிந்தில் பார்த்ததுதான்: ஒருவர் பட்டினி, ஒருவர் வெறி. ஒரே வித்தியாசம், இங்கே இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

அந்த 50 மில்லியைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு யாரும் ஆரம்பிக்க வேண்டாம். குடிக்கு அடிமையாகி, கடவுள் அருளால் விட்டவர்களுக்கு 50 மில்லி கொஞ்சம் அல்ல. ஒரு தேக்கரண்டியும் கொஞ்சம் அல்ல. இதை அவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிண்ணத்தில் தோய்த்துத் தரும் நாளில், “அப்பம் மட்டும் போதும் ஃபாதர்” என்று மெல்லச் சொன்னால் போதும். நீங்கள் குறைவாகப் பெறுவதில்லை. கிறிஸ்து முழுமையாகத்தான் வருகிறார். அதற்காகத்தான் திரிதெந்து அவ்வளவு அழுத்திச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குடிநோயில் விழுந்து மீண்ட குருக்களுக்கும் திருஅவை வழி வைத்திருக்கிறது. ஆயரின் அனுமதியோடு அவர்கள் புளிக்கத் தொடங்கிய நிலையிலேயே நிறுத்தி வைத்த திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம். உரோமை 2003-இல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. குருவுக்கே அப்படி என்றால், பங்கு மக்களாகிய உங்களுக்குக் கூச்சம் எதற்கு?

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. குடியை விட்டுத் திருந்தி வந்த மருமகனிடம் கல்யாண வீட்டில், “மாப்ள, இன்னிக்கு ஒரு நாள்தானே” என்று கிளாசை நீட்டுகிற மாமன்மார்களே, அது பகிர்வு அல்ல. அவர் கையில் ஒரு பன்னீர் சோடாவைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.

இன்று பல பங்குகளில் மாலையில் நற்கருணைப் பவனி இருக்கும். சில இடங்களில் இரு வடிவிலும் நற்கருணை தருவார்கள். அப்படித் தரும் இடங்களில் பங்குக் குருக்களுக்கும் பீடப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அப்பம் மட்டும் தரும் வரிசை ஒன்றையும் சேர்த்தே அறிவித்துவிடுங்கள். சளி பிடித்தவர்கள், சிறுவர்கள், கையில் வாங்க விரும்புகிறவர்கள், யார் வேண்டுமானாலும் அதில் வரலாம் என்று சொல்லிவிட்டால், அதில் நிற்கும் யாரையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பவனி எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதை இன்னும் முடிவு செய்யாத பங்குப் பேரவைகள் இருந்தால், இதுவரை பவனி நுழையாத தெரு எது என்று கேட்டு அந்த வழியாகப் போங்கள்.